பக்கத்து வீட்டுப் புகார்

சாலையை அகலப்படுத்த வந்த அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “நூறு வருஷம் பழசுன்னு எழுத்துல காட்டுங்க பாய், விட்டுடறேன். இல்லேன்னா நாளைக்குப் பள்ளிவாசலை இடிச்சுத்தான் ஆகணும்.”

பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி கையைப் பிசைந்தார். பழைய ஏடுகளெல்லாம் ஒரு வெள்ளத்தில் போய்விட்டன.

அப்போது பக்கத்து வீட்டு டீச்சர் ஒரு காகிதத்தோடு படியேறினார்.

“டீச்சரம்மா, இன்னிக்கு மட்டும் புகார் வேணாமே! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“புகாரேதான். வழியை விடுங்க.”

அதிகாரி வாங்கி உரக்கப் படித்தார். “பள்ளிவாசல் கிணற்று ராட்டினம் விடியற்காலையில் கிறீச்சிட்டு என் தூக்கத்தைக் கெடுக்கிறது...”

“அநியாயம்! கிணத்தை மூடியே முப்பது வருஷமாச்சு!” என்று பதறினார் முத்தவல்லி.

“எழுதினது நானில்லை, எங்க கொள்ளுத்தாத்தா. ரெண்டு நாளா பரணைக் குடைஞ்சு எடுத்தேன்” என்றார் டீச்சர்.

அதிகாரி தேதியையும், புகாரைப் பெற்றுக்கொண்டதாக நகராட்சி அன்று போட்டுக் கொடுத்த முத்திரையையும் மாறி மாறிப் பார்த்தார். “நூத்திப் பன்னெண்டு வருஷம். இது போதும்” என்றவர், சுவரில் போட்டிருந்த சிவப்புக் குறியை அழிக்கச் சொன்னார்.

முத்தவல்லிக்கு அப்பாடா என்றிருந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“டீச்சரம்மா, புகார் எழுதறதை மட்டும் நிறுத்திடாதீங்க. இன்னும் நூறு வருஷம் கழிச்சு எங்களுக்குத் தேவைப்படும்.”