ஒற்றைக் கைத் தீ

தூறலில் இறப்பர் மரத்தடியில் குந்தியிருந்தாள் துஷ்யந்தி. தீப்பெட்டியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இடது கையால் மட்டும் குச்சியை உரசினாள். மரப்பட்டையிலிருந்து உரித்துவந்த, உறைந்து காய்ந்த ஒட்டுப்பால் பற்றிக்கொண்டது. அதன்மேல் அடுக்கியிருந்த ஈரச் சுள்ளிகளும் எரிந்தன.

“கெட்டிக்காரிதான்டி நீ!” தோழி தனுஷிகா வாயைப் பிளந்தாள். “ரெண்டு கையாலயே எனக்கு இந்த மழையில பத்த வைக்க முடியல. வலது கையில என்ன, சுளுக்கா?”

“இல்லையே, நல்லாத்தான் இருக்கு.”

“பிறகு ஏன் அத நெஞ்சோட மடக்கி வச்சிருக்க?”

“போன மழைக்கு நம்ம லயத்து வீடுகளுக்குப் பின்னால மண்ணு சரிஞ்சப்ப, விடிய விடிய வெளியில நெருப்பு மூட்ட முடியாம நனைஞ்சு நடுங்கினோமே?”

“அதுக்கும் இந்தக் கைக்கும் என்னடி சம்பந்தம்?”

“அடுத்த மழைக்கு இந்தக் கையில பிள்ள இருக்கும்டி.”