ஏழேகால் போட்

"பாப்பா இன்னும் எழுந்திரிக்கலைங்க."

நான்காவது தடவையாகத் தொட்டிலுக்குள் கை விட்டாள் அவள். நெற்றி சுடவில்லை. உள்ளங்காலைச் சுரண்டிப் பார்த்தாள். குழந்தை காலை இழுத்துக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டது.

முகத்தில் சோப்பு நுரையோடு நின்ற கணவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏழேகால் போட்டே இன்னும் வரலை. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"மணி எட்டாகப் போகுது."

"உன் கடிகாரம் என்னைக்கு ஒழுங்கா ஓடிச்சு?"

அந்த வீட்டில் கடிகாரத்துக்கு மரியாதை கிடையாது. பின்சுவரை ஒட்டியே படகுத்துறை. புகைக்குப் பயந்து அந்தப் பக்க ஜன்னலை எப்போதோ ஆணி அடித்து மூடியாயிற்று. ஆனாலும் டீசல் படகு உறுமிக்கொண்டு வந்தால் அலமாரி டம்ளர்கள் ஆடும், குழந்தை வீறிட்டு எழும், அவன் சட்டையை மாட்டுவான். பிறந்த ஐந்து மாதத்தில் அது பகலில் சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் தூங்கியதில்லை.

இன்று டம்ளர்கள் அடுக்கிய இடத்தில் அப்படியே இருந்தன.

நேற்றுக் குழந்தைக்குப் போட்ட தடுப்பூசி அவள் நினைவுக்கு வந்தது. நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"ரொம்ப அசந்து தூங்கினா எதுக்கும் தூக்கிட்டு வந்துடுங்க" என்றாள் நர்ஸ்.

அந்த 'எதுக்கும்' போதாதா? குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் தன் செல்போனைப் பார்த்தான். எட்டு பத்து. கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது என்று தெரிந்ததும் அவனுக்கும் முகம் வெளுத்தது.

ஆஸ்பத்திரி அக்கரையில். ஒரு கன்னத்தில் நுரை காய, பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அவன் முன்னால் ஓடினான். "போட் ரிப்பேர் போலிருக்கு. இன்னைக்குன்னு பார்த்துத்தான் இப்படி ஆகணுமா?"

துறையில் டிக்கெட் கிழிப்பவர் வாசல் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஏழேகால் போட் எப்ப வரும்?" அவள் குரல் உடைந்தது. "பாப்பா எழுந்திரிக்கவே மாட்டேங்குது."

அவர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "ஏழேகால், ஏழரை, ஏழேமுக்கால், எட்டு, எல்லாம் போயாச்சேம்மா. அதோ, எட்டேகாலும் போகுது."

வெள்ளைப் படகொன்று அடியிலிருந்த இறக்கை போன்ற தகடுகளின் மேல் எழும்பி, வயிறு தண்ணீரில் படாமல் போய்க்கொண்டிருந்தது. புகை இல்லை. பின்னால் அலைகூடப் பெரிதாக இல்லை.

"கரண்ட் போட்டும்மா. வருது வருதுன்னு ரெண்டு வருஷமாச் சொன்னாங்களே, இன்னைக்குத்தான் விட்டாங்க." பெருமையில் அவர் குரல் உயர்ந்துகொண்டே போனது. "டீசல் எல்லாம் நேத்தோட சரி. இது ஓடுறதே காதுக்குத் தெரியாது!"

தோளில் குழந்தை லேசாக நெளிந்தது. உதட்டைச் சப்பிக்கொண்டு அவள் கழுத்தில் முகம் புதைத்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்கண்ணே, பாப்பா தூங்குது."