மாமி இறக்கிய காற்று

பூசைக்கு முதல் மணி அடித்துவிட்டது. ஊரே உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போக, நான் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவிட்டு வாளியில் சவர்க்காரம் கரைத்துக்கொண்டிருந்தேன்.

மாதா மன்னிப்பார். ஓட்டக் கமிட்டி மன்னிக்காது.

திருநாள் பூசை முடிந்ததும் தலைமன்னாரிலிருந்து மன்னார் நகர்வரை சைக்கிள் ஓட்டம். வருடாவருடம் ஆண்கள் மட்டும் ஓடுவது. இந்த முறை நானும் பெயர் கொடுத்தேன்.

"பெம்பிளையளுக்குச் சங்கீதக் கதிரைப் போட்டி இருக்குத்தானே, பிள்ளை" என்று கமிட்டித் தலைவர் சந்தியோகு இளித்தார்.

"கதிரையை நீங்களே சுத்தி ஓடுங்கோ அண்ணை" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் என் பெயரை எழுதத்தான் வேண்டியிருந்தது.

ஆனால் இந்தக் கோதாரி விழுந்த ரயர்!

பிரான்சிலிருந்து மச்சாள் அனுப்பிய சைக்கிள். உள்ளே ரியூப் கிடையாது. ரயரின் விளிம்பு நேரே றிம்மில் இறுகிக் காற்றைப் பிடிக்க வேண்டும். ஓட்டத்துக்கென்று முன்சில்லுக்குப் புது ரயரை நானே மாட்டினேன். அன்று தொடக்கம் இதே கூத்துத்தான். மாலையில் கல்லாக இருப்பது விடியும்போது கூழாகிக் கிடக்கும். இப்படியே போனால் நடுவழியில் பேசாலை தாண்டுமுன் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். சந்தியோகு அண்ணை சாகும்வரை அதைச் சொல்லிச் சிரிப்பார்.

ஆணி இல்லை. முள்ளும் இல்லை. பிறகு யார்?

மாமிதான்.

நான் பெயர் கொடுத்த நாளிலிருந்து மாமி றோசம்மா எனக்கு முகம் கொடுப்பதில்லை. மீன் லொறியும் கழுதையும் முட்டிமோதுகிற றோட்டில் மருமகளை விடாதே என்று தன் மகனும் என் கணவருமான கிறிஸ்ரியிடம் அழுதிருக்கிறார். கிறிஸ்ரி என் பக்கம் நின்றதும் மகனோடும் கோபம். புது ரயர் மாட்டிய அன்று சைக்கிளடியில் மாமி குனிந்து நின்றதை என் கண்ணாலேயே கண்டேன். காற்றை இறக்க வழி பார்க்கத்தான், வேறென்னத்துக்கு?

பூசையை ஒருநாளும் தவறவிடாத மனுசி இன்றைக்கு வாசலில் அசையாமல் நின்றார். நான் தோற்பதைப் பார்க்க நிற்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்லாப் பாருங்கோ மாமி. காத்து இல்லாட்டி வெறும் றிம்மிலயெண்டாலும் ஓடுவன்!"

வால்வில் நுரையைத் தடவினேன். அது சும்மா கிடந்தது. ரயரின் முதுகு முழுக்கத் தடவினேன். அங்கேயும் ஒன்றுமில்லை. கடைசியாக றிம் ஓரம். ஓரிடத்தில் நண்டு நுரை கக்குவது போலக் குட்டிக் குட்டிக் குமிழிகள் கிளம்பின.

அகப்பட்டாய்!

அந்தப் பக்கத்து விளிம்பை நெம்பிக் கழற்றினேன். றிம்மில் அது இறுக வேண்டிய இடத்தில் மண் ஒட்டிக்கிடந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். எங்கள் கடற்கரை மணல் இல்லை. செம்மண்.

மடு மண்.

பாம்பு தீண்டாது, ஆபத்து அண்டாது என்று மடு மாதா கோயிலிலிருந்து அள்ளிவந்து, வீட்டு மாதா சுரூபத்துக்குக் கீழே சிமிழில் மாமி பூட்டிவைத்திருக்கும் மண். சொந்தத் தங்கச்சிக்கே ஒரு கிள்ளுக்கு மேல் கொடுக்கமாட்டார்.

ரயர் மாட்டிய அன்று, ஒரு பக்கத்தைத் திறந்தபடி விட்டுவிட்டு நான் பம்ப் இரவல் வாங்கப் போயிருந்தேன். அந்த நேரத்தில்தான் அவர் குனிந்து நின்றிருக்கிறார். நானும் வந்து, உள்ளே பார்க்காமல் அப்படியே விளிம்பை மூடியிருக்கிறேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் மாதாவின் மண்ணென்றாலும் காற்றைப் பிடிக்காதே. ஒரு பருக்கை விடாமல் லேஞ்சித் துணியால் துடைத்தெடுத்தேன். நிலத்தில் உதற மனம் வரவில்லை. அப்படியே முடிந்து காற்சட்டைப் பைக்குள் வைத்தேன். விளிம்பை மாட்டி, நெஞ்சு வெடிக்கப் பம்ப் அடித்தேன். டக் டக்கென்று ஏறி உட்கார்ந்தது. மறுபடி நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட இல்லை.

பூசை முடிந்து, கோயிலடியில் ஒலிபெருக்கி ஓட்டக்காரர்களைக் கூப்பிடத் தொடங்கியது.

சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். எனக்கு முன்னே மாமி போய்ப் படலையைத் திறந்து பிடித்தபடி நின்றார்.

"மடு மண்ணை ஏன் மாமி போட்டனீங்கள்? போகக்கூடாதெண்டுதானே அழுதனீங்கள்?"

மாமி றோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"நீ சொன்னாக் கேக்கிற ஆளே? எப்பிடியும் போவாயெண்டு தெரிஞ்சுதானே போட்டனான்."