பிலோமினாவின் விண்ணப்பம்

மருந்துக்கு மசியாத மனநோயோடு வாழ்பவர்கள் சாக அனுமதி கேட்டால், அதைப் பரிசீலிக்க அந்த ஊரில் மூன்று மனநல மருத்துவர்கள் கொண்ட குழு இருந்தது. பிலோமினா மாதந்தோறும் வந்து கேட்பாள். அழுதுகொண்டே கேட்டால், "இந்த மனநிலைல முடிவெடுக்கக் கூடாதும்மா" என்பார் குழுத் தலைவர் ஆளவந்தார். நிதானமாகக் கேட்டால், "இவ்ளோ தெளிவாப் பேசுறீங்க, உங்களுக்கு எதுக்கும்மா சாவு?" என்பார். இந்த இரண்டு பதில்களுக்காக மாநாடுகளில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். கடைசியில், "அடுத்த மாசம் வாங்க, பார்ப்போம்" என்பார். யாரையும் கேட்காமல் எதையும் செய்து பழகாத பிலோமினா, அடுத்த மாதமும் வருவாள்.

இந்த முறை தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"இன்னைக்கு ஒண்ணும் கேக்க வரல டாக்டர். உங்களையெல்லாம் ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"பாத்தீங்களா சார், குணமாயிடுச்சு!" என்று டாக்டர் தமயந்தி கைதட்டினார். கூடவே தட்டப்போன மூன்றாமவரின் கைகள் பாதியில் நின்றுவிட்டன.

பிலோமினா மூவரையும் பார்த்துச் சிரித்தாள். "அப்போ நான் போறேன்" என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஆளவந்தார் மேஜையைச் சுற்றி ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றார்.

"கேளும்மா" என்றார். "எப்பவும் போல ஒரே ஒரு தடவை கேளும்மா. நான் முடியாதுன்னு சொல்லணும்."