நிற்க வேண்டியவர்களின் பட்டியல்

கழுதை மேயும் இடத்துக்கும் அதன் குட்டி கிடக்கும் இடத்துக்கும் நடுவே புதிய சாலை போட்டார்கள். அதில் ஓட்டுநர் இல்லாத பேருந்துகள் ஓடின. யார் யாருக்கு நிற்க வேண்டும் என்று அரசாங்கம் அவற்றுக்கு ஒரு பட்டியல் கொடுத்திருந்தது. நாய்க்கு நின்றன. கழுதைக்கு நிற்கவில்லை.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க! குட்டிக்குப் பால் கொடுக்கணும்," என்று கழுதை கத்தியது.

"சத்தம் கேட்கிறது. சாலையில் யாரும் இல்லையே," என்றது பேருந்து.

நாய் சிரித்தது. "உன்னை எவன் அக்கா பட்டியல்ல சேர்ப்பான்? என்னை ஒட்டியே வா."

தினமும் அப்படியே கடந்தார்கள்.

அடுத்த மாதம், வண்டிகள் இன்னும் விரைவாகப் போகட்டும் என்று அரசாங்கம் பட்டியலைச் சுருக்கியது. வழக்கம்போல் காலெடுத்து வைத்த நாயின் வாலைக் கழுதை கவ்வி இழுத்ததால்தான் அதைக் காப்பாற்ற முடிந்தது.

"நான்தான், நாய்!" என்று அது குரைத்தது.

"சத்தம் கேட்கிறது," என்றபடியே பேருந்து போய்விட்டது.

எதிர்ப்பக்கம் குட்டி பசியில் அழுதது. அப்போது தலையில் புல்லுக்கட்டோடு ஒருத்தி வந்து அவர்கள் அருகே நின்றாள்.

"மனுஷி வந்துட்டா. இனிமே பயமில்லை அக்கா," என்றது நாய்.

அவள் கையை உயர்த்தியபடி சாலையில் இறங்கினாள். தூரத்தில் வந்த பேருந்து, "யாரும் இல்லை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேகம் எடுத்தது.