ஊசி அசையவில்லை

ஊசி அசையவில்லை.

ஜாக்கியை இன்னொரு முறை அழுத்தினார்கள். புதுப் பாலத்தின் இரண்டு அடித்தூண்களுக்கும் நடுவே அது முக்கி முனகி, இரண்டையும் பக்கவாட்டில் தள்ளியது.

தூண் எவ்வளவு சாய்கிறது என்று காட்டும் டயல் பூஜ்யத்திலேயே நின்றது.

ஆட்கள் சிரித்துக்கொண்டார்கள். எட்வின் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான்.

சோதிக்க வந்திருந்த அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

எவ்வளவு கெட்டியான பாறைக்குள் காலை ஊன்றியிருந்தாலும், இப்படித் தள்ளினால் தூண் ஒரு மயிரிழையாவது சாயும். தள்ளுவது நின்றதும் பழைய இடத்துக்குத் திரும்பும். இவ்வளவு நல்ல பிள்ளையாக நிற்கும் தூணை அவள் எங்கும் பார்த்ததில்லை.

மேலே போகிற லாரியின் பாரத்தை மணலில் நிற்கும் தூண்கூடக் கொஞ்ச காலம் தாங்கிவிடும். ஐப்பசி வெள்ளம் பக்கவாட்டில் வந்து மோதும்போதுதான் சாயம் வெளுக்கும்.

அப்போது பாலத்தின் மேல் பள்ளிக்கூட வேன் போய்க்கொண்டிருக்கலாம்.

தூண்களை இறக்கியது எட்வினின் கம்பெனி. சரியாக இருக்கிறது என்று அரசாங்கத்துக்காகக் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்.

போன ஞாயிறுதான் கோயிலில் அவர்கள் இருவருடைய பெயரையும் சொல்லி இரண்டாம் முறையாகத் திருமண ஓலை வாசித்தார்கள். மூன்றாவதும் வாசித்துவிட்டால் கல்யாணம்தான்.

"இன்னும் என்னத்தப் பாக்க? பாறையிலதான் நிக்கு. கையெழுத்தப் போடு," என்றான் எட்வின்.

அவள் குனிந்தாள். டயலைத் தாங்கும் கம்பியைக் கையால் தடவிக்கொண்டே போனாள். அந்தக் கம்பி தூணைத் தொடாமல், தள்ளித் தரையில் தனியாக நிற்க வேண்டும்.

அது ஈரச் சாக்குக்கு அடியில் புகுந்து, அதே தூணின் இரும்பு உறையில் பற்றவைக்கப்பட்டிருந்தது.

தூண் சாய்ந்தால் டயலும் கூடவே சாயும். பிறகு ஊசி எதைக் காட்டும்?

வெல்டர் தெரியாமல் வைத்திருப்பான். வெல்டர்தான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் மனம் கெஞ்சியது.

கம்பியை அறுக்கச் சொன்னாள். தள்ளித் தரையில் முளை அடித்து, டயலை அதில் கட்டச் சொன்னாள்.

அறுத்து, கட்டி முடித்தார்கள்.

ஜாக்கி மறுபடியும் முனகியது.

வெல்டர், ஜாக்கிக்குப் பம்பு அடிப்பவர், குடை பிடித்து நின்ற மேஸ்திரி, எல்லோரும் டயலின் மேல் கவிழ்ந்தார்கள்.

அவள் நிமிர்ந்து எட்வினைத் தேடினாள்.

அவன் மேட்டில் நிறுத்தியிருந்த தன் பைக்கருகே நின்று, சட்டைப்பையில் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தான்.