பக்கத்து வீட்டில் கேட்டால் தெரியும்

"அக்கா, இங்க மழைக்கு வெள்ளம் ஏறுமா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்ட பெண்ணின் கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. விலைக்கு வந்திருக்கும் அந்த வீட்டின் கிணற்றில் அப்போதுதான் இறைத்த தண்ணீர்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சுஜா திரும்பினாள். அந்த வீட்டு கேட்டில் 'விற்பனைக்கு' என்று போர்டு தொங்கிய நாளிலிருந்து, யாராவது வந்து இதைக் கேட்பார்களா என்று காத்திருந்தாள்.

"ஏறும் மக்கா. இடுப்பளவு."

முற்றத்தைக் குதிகாலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்தான். விபின் என்று பெயர் சொன்னான். அவள் ஜிஷா. கல்யாணமானதிலிருந்து வாடகைக்கு இருக்கிறார்கள். இதுதான் சொந்தமாக முதல் வீடு.

நாகர்கோவிலைச் சுற்றி 'நகர்' என்று பெயர் வைத்த இடமெல்லாம் ஏறி இறங்கியாகிவிட்டது. ஒன்றில் வழி குறுகல். ஒன்றில் கிணறு உப்பு. இந்த இடம்தான் மனதுக்குப் பிடித்திருந்தது. காலையில் வந்து பஸ் பார்த்தார்களாம். அந்தியில் வந்து கொசு பார்த்தார்களாம். மொட்டைமாடியில் ஏறி போனுக்கு டவர் கிடைக்கிறதா என்றும் பார்த்துவிட்டார்கள்.

புரோக்கர் இல்லாமல் ஒரு தடவை போய்ப் பக்கத்து வீட்டில் கேள் என்று ஜிஷாவின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

சுஜா பாட்டிலைப் பார்த்தாள். "சோறு பொங்கிப் பாக்கவா?"

"ஆமாக்கா. இரும்புத் தண்ணிண்ணா சோறு மஞ்சளிக்கும்னு அம்ம சொல்லுவா."

"மஞ்சளிக்காது. பிச்சிப்பூ கணக்கா இருக்கும்."

அவளும் கணவர் ஹரிகுமாரும் இந்த வீட்டை வாங்குவதற்கு முன்பு இப்படித்தான் ஒரு பாட்டில் கொண்டுபோனார்கள். சோறு வெளுவெளுவென்று வெந்தது. மறுநாளே அட்வான்ஸ் கொடுத்தார்கள்.

வீடு வாங்க வருகிற எல்லோரும் கிணற்றுக்குள் கிடக்கும் தண்ணீரைத்தான் சோதிக்கிறார்கள்.

வீடுகளுக்குப் பின்னால் பாசனக் கால்வாயான சானல், பங்குனி வெயிலில் வெடித்துக் கிடந்தது. ஒரு பசு அதற்குள் இறங்கிப் புல் தின்றுகொண்டிருந்தது.

"இதுல இருந்தா அக்கா வெள்ளம் வருகு?" விபின் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"இது பூரா வயலு மக்கா. மண்ணடிச்சு வித்துப்போட்டானுவ. கீரிப்பாறை மலையில விடாம பெஞ்சா சானல்கரை ஒடையும். பிறவு அதுக்கு நம்ம முற்றந்தான் வழி."

சுஜா தன் வீட்டுச் சுவரைக் காட்டினாள். ஜன்னல் படிக்குச் சற்று மேலே, வீட்டைச் சுற்றி, காவி நிறத்தில் ஒரு கோடு. அதன்மேல் வெள்ளையடிக்க அவள் விடவில்லை. விலைக்கு வந்த வீட்டுச் சுவரிலும் அதே உயரத்தில் ஒரு கோடு இருந்தது. இப்போது அது புதிய மயில்பச்சைப் பெயின்டுக்கு அடியில் இருக்கிறது.

"அட்வான்ஸ் குடுத்திராதீங்க. ஐப்பசி வரைக்கும் பொறுங்க. மழையோட ஒருக்க வந்து பாத்துட்டு வாங்குங்க. நான் வேற ஒண்ணும் சொல்லல்ல."

ஜிஷா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. அவள் கண் கோட்டைப் பார்த்தது. பிறகு கொடியில் கிடந்த துணிகளைப் பார்த்தது. எல்லாம் சேலைகளும் நைட்டிகளும். அந்தக் கண்ணில் ஒரு இளக்கம் வந்தது.

சுஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

இவ்வளவு நேரம் பேசியாகிவிட்டது. இந்த ஊரில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் யாரும் முதலில் கேட்பதை இவர்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை. வீட்டுக்காரருக்கு எங்கே ஜோலி?

புரோக்கர் ராஜகுமார் முந்திக்கொண்டுவிட்டான். எப்படிச் சொல்லியிருப்பான் என்றும் அவளுக்குத் தெரியும். பாவம், நல்லவதான், ஆனா மாப்பிள போனதுக்குப் பிறவு அவளுக்கு எதப் பாத்தாலும் பயம்.

காவிக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே மோட்டார் சுவிட்ச் துருப்பிடித்து நின்றது. வெள்ளம் ஏறிய அன்றைக்கு அதை அணைக்கத்தான் ஹரிகுமார் தண்ணீருக்குள் இறங்கினார்.

"மக்கா, எங்க வீட்டுக்காரரு..."

ஜிஷா மதிலுக்கு மேலே கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கிணற்றுத் தண்ணீரின் ஈரம் அந்தக் கையில் இன்னும் இருந்தது.

"வேண்டாம்க்கா. தெரியும். அதச் சொல்லி வருத்தப்படாதீங்க."

விபின் தலையைக் குனிந்துகொண்டான். எப்படி என்று அவன் கேட்கவில்லை. துக்கப்பட்டவளைத் தோண்டிக் கேட்கக் கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள்.

"நாங்க வந்துட்டா ஒங்களுக்கும் பக்கத்தில ஒரு துணையாச்சுல்லாக்கா," என்றாள் ஜிஷா.

சுஜா அவளைப் பார்க்கவில்லை. அவள் நின்ற இடத்தைப் பார்த்தாள்.

அந்த வீடு முத்துக்கனி அக்காவுடையது. சுஜாவும் ஹரிகுமாரும் விசாரிக்க வந்த அன்று, அக்கா அதே இடத்தில் நின்று, வேண்டாம் மக்கா, வெள்ளம் வரும் என்றாள். சுவரில் இருந்த கோட்டைக் காட்டினாள். எனக்க மகன் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். மகன் போனதிலிருந்து அவள் அப்படித்தான் என்று ராஜகுமார் அன்றைக்கும் முன்கூட்டியே சொல்லியிருந்தான். மகன் எப்படிப் போனான் என்று ஹரிகுமார் கேட்கவில்லை.

இதே மதிலுக்கு மேலே கையை நீட்டி, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, சுஜா சொன்னதும் இதே வார்த்தைதான்: வேண்டாம்க்கா, தெரியும்.